கண்ணைப் பார்த்துக் காதின் கோளாற்றைச் சொன்ன இடம்: ஒரு தலைசுற்றல் சிகிச்சை மையம் பற்றி

தலைசுற்றலையும் உடற்சமநிலைக் கோளாறுகளையும் மட்டுமே கவனிக்கும் ஒரு சிகிச்சை மையத்தைப் பற்றி எழுதுகிறேன். பரிசோதனை, சிகிச்சை, பயிற்சி மூன்றையும் அங்கே பெற்றேன். பல ஆண்டுகளாக என்னை ஆட்டிவைத்த நோயின் காரணம் அங்கேதான் தெரியவந்தது. ஒரு காரணம் அல்ல, இரண்டு. மிகுந்த நன்றியோடு எழுதுகிறேன். ஆனால் அங்கே திருத்த வேண்டியவையும் உண்டு. அவற்றையும் சொல்லப்போவதால் பெயரைக் குறிப்பிடவில்லை. இத்தகைய பிரிவுகள் பல ஊர்களில் இருக்கின்றன. எதைப் பார்த்து ஓர் இடத்தை நம்பலாம் என்பதுதான் இதைப் படிப்பவருக்குப் பயன்படும்.

நான் நூலகர். மேல் தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுக்க அண்ணாந்தால் அலமாரி முழுவதும் சுழலும். இரவில் வலப்பக்கம் புரண்டு படுத்தால் அறை சுழலும். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். சற்று நேரத்தில் அடங்கிவிடும். அதன் பிறகு நாள் முழுக்கக் குமட்டலும் தள்ளாட்டமும் இருக்கும். இதற்காக நான் பார்த்த மருத்துவர்கள் நல்லவர்கள்தாம், ஆனால் ஒவ்வொருவரும் அவரவருக்குத் தெரிந்த இடத்தில் காரணத்தைத் தேடினார்கள். ஒருவர் கழுத்தை எக்ஸ்ரே எடுத்துவிட்டு எலும்புத் தேய்மானம் என்றார். கழுத்துப் பட்டை வந்தது. ஐம்பதைத் தாண்டிய பெரும்பாலோரின் கழுத்து எக்ஸ்ரேயில் ஏதாவது தேய்மானம் தெரியத்தான் செய்யும். இன்னொருவர் மூளையை ஸ்கேன் செய்யச் சொன்னார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு வந்தது. எல்லோருமே தலைசுற்றலை அடக்கும் மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். என்னைப் படுக்கவைத்து, தலையைத் திருப்பி, கண் என்ன செய்கிறது என்று பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. அந்தச் சோதனைக்குத் தேவை ஒரு கட்டிலும் சில நிமிட நேரமும் மட்டுமே. இதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மையத்தில் முதலில் என்னைக் கவர்ந்தது தொலைபேசியில் பேசிய பெண்மணி. நாள் குறிப்பதற்கு முன்பே சில கேள்விகள் கேட்டார். பேச்சு குழறுகிறதா? பொருள்கள் இரண்டாகத் தெரிகின்றனவா? கை, கால், முகம் எதிலாவது பலவீனம் உண்டா? பிடிப்பில்லாமல் நிற்கவே முடியவில்லையா? இதுவரை இல்லாத கடுமையான தலைவலியா? ஒரு காது திடீரென்று கேட்காமல் போனதா? இவற்றில் எதற்காவது ஆம் என்றால் எங்களிடம் வர வேண்டாம், உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள் என்றார். பக்கவாதமும் சில வேளைகளில் தலைசுற்றலாகவே தொடங்கும். அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வருகிற நோயாளியை வேறிடத்துக்கு அனுப்பத் தெரிந்த மையம் என்று அப்போதே நம்பிக்கை வந்தது.

அடுத்து, தலைசுற்றலை அடக்கும் மாத்திரையைச் சோதனைக்கு இரண்டு நாள் முன்பே, எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, நிறுத்தச் சொன்னார். மாத்திரை உடம்பில் இருந்தால் கண்ணின் அசைவு மங்கிப்போய் முடிவு தவறாக வரும். கண்ணுக்கு மை இடாமல் வரச் சொன்னார். கண்ணைப் படம் பிடிக்கும் கருவி மையைக் கருவிழி என்று எடுத்துக்கொள்ளுமாம். இவ்வளவு சொன்னவர், சோதனை முடிந்து தனியாக வீடு திரும்ப முடியாது என்பதைச் சொல்லவில்லை. நல்லவேளையாக என் தங்கை பிடிவாதமாகக் கூட வந்தாள்.

காத்திருக்கும் கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தரை முழுவதும் கறுப்பும் வெள்ளையுமான கட்டங்கள். சுவரில் ஒரு பெரிய தொலைக்காட்சி; ஓயாமல் படங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. சமநிலை குலைந்தவர்களுக்குக் கண்முன் அசைகிற எதுவும், கட்டம் கட்டமான எந்தப் பரப்பும் தொல்லை தரும் என்பது அங்கே வேலை செய்கிற அனைவருக்கும் தெரியும். உள்ளே அதற்கே பயிற்சி கொடுக்கிறார்கள். வெளியே அந்தத் தரை. எனக்கு எதிரில் அமர்ந்திருந்த முதியவர் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டே இருந்தார். கழிப்பறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லை. இதை எழுத்திலும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மருத்துவரின் அறையில் நிலைமை வேறு. அவர் என்னைப் பேசவிட்டார். நான் சுழல்கிறது, மிதக்கிறது, தள்ளுகிறது என்று மாற்றி மாற்றிச் சொன்னதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு வேண்டியவை இரண்டு விவரங்கள்: சுற்றல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எதைச் செய்தால் வருகிறது.

“ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறதா, மணிக்கணக்கில் இருக்கிறதா அம்மா?”

“சுழல்வது அடங்கிவிடும், டாக்டர். ஆனால் சில நாள்களில் வேறு மாதிரி வரும், மாலைவரை விடாது.”

“அந்த வேறு மாதிரியைத் தனியாக எழுதிவைக்கிறேன். மறக்க மாட்டேன்” என்றார். அப்படியே மறக்கவும் இல்லை.

கேள்விகளின் காரணத்தையும் அவரே விளக்கினார். தலையை ஒரு குறிப்பிட்ட நிலைக்குக் கொண்டுபோகும்போது மட்டும் வந்து ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும் சுழற்சி பெரும்பாலும் பி.பி.பி.வி. எனப்படும் உள்காதுக் கோளாறு. 20 நிமிடம் முதல் 12 மணி நேரம்வரை நீடித்து, கூடவே காது அடைப்பு, இரைச்சல், கேட்கும் திறன் ஏறி இறங்குவது என்று இருந்தால் மெனியர் என்னும் உள்காது நோயை நினைக்க வேண்டும். நாள்கணக்கில் விடாமல் சுழன்றால் சமநிலை நரம்பின் அழற்சியாக இருக்கலாம். பக்கவாதம் இல்லை என்பதையும் உறுதி செய்ய வேண்டும். எழுந்து நின்றதும் மட்டும் கண் இருட்டினால் ரத்த அழுத்தத்தை அளக்க வேண்டும். என்னையே படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அளந்தார். நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 புள்ளி இறங்கினால் அதுவே ஒரு காரணம். எனக்கு இறங்கவில்லை.

பிறகு கட்டில். இருட்டிலும் கண்ணைப் படம் பிடிக்கும் அகச்சிவப்புக் கேமரா பொருத்திய கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். என் தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, தோளைத் தாங்கியபடி, தலை கட்டிலின் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும்படி விரைவாகச் சாய்த்தார்கள். “என்ன நடந்தாலும் கண்ணை மூடாதீர்கள் அம்மா, நாங்கள் பிடித்திருக்கிறோம்” என்று அந்த இளம் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் வல்லுநர்) சொல்லிக்கொண்டே இருந்தார். முதல் சில விநாடிகள் ஒன்றும் இல்லை. பிறகு வந்தது பாருங்கள், எனக்கு நன்றாகப் பழக்கமான அந்தச் சுழல். அலறிவிட்டேன். அவர் கை என் தலையிலிருந்து அசையவில்லை. சுழல் அடங்கியதும் மெதுவாக உட்காரவைத்து, திரையில் பதிவை ஓட்டிக் காட்டினார்கள். என் கருவிழிகள் மேல்நோக்கித் துள்ளித் துள்ளி, வலது காதின் பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தன. இத்தனை ஆண்டுகள் வாயால் சொல்லி யாருக்கும் புரியவைக்க முடியாமல் தவித்தது, அங்கே எல்லோரும் பார்க்கும்படி ஓடிக்கொண்டிருந்தது. தங்கை அழுதுவிட்டாள். மனப்பதற்றமாக இருக்கும் என்று அவளிடம்கூடச் சிலர் சொல்லியிருந்தார்கள்.

இந்தச் சோதனையை மார்கரெட் டிக்ஸ், சார்ல்ஸ் ஹால்பைக் என்னும் இருவர் 1952இல் விவரித்து எழுதினார்கள் என்பதைப் பிறகு படித்தேன். எனக்கு இருந்தது மருத்துவர் முன்பு சொன்ன பி.பி.பி.வி.தான்; அதன் காரணமும் விளக்கப்பட்டது. உள்காதில் யூட்ரிக்கிள் என்னும் சிறிய பையில், ஈர்ப்பையும் நேர்கோட்டு அசைவையும் உணர்வதற்காகக் கால்சியம் கார்பனேட் படிகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் சில கழன்று, தலையின் சுழற்சியை உணரும் மூன்று அரைவட்டக் குழல்களில் ஒன்றுக்குள் போய்விடுகின்றன. பெரும்பாலும் பின்குழலுக்குள். தலை சாயும்போது படிகங்கள் நகர்ந்து, குழலில் உள்ள நீர்மத்தைத் தள்ளுகின்றன. தலை சுழல்கிறது என்று ஒரு காது சொல்கிறது. மறு காதும் கண்களும் இல்லை என்கின்றன. படிகங்கள் நகரத் தொடங்கும்வரை சில விநாடி அமைதி, அவை அடியில் தங்கியதும் ஓய்வு. நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக் காத்திருந்த நேரத்தின் கணக்கு முழுவதும் இதில் அடங்கிவிட்டது.

சிகிச்சையும் அதே கட்டிலில், அப்போதே நடந்தது. தொங்கிய தலையை இடப்பக்கம் திருப்பி, பிறகு உடம்போடு சேர்த்து முகம் தரையைப் பார்க்கும் அளவு உருட்டி, கடைசியில் உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு நிலையிலும் கண்ணின் அசைவு நிற்கும்வரை பொறுத்தார்கள். குழலின் வளைவு வழியாகப் படிகங்களை உருட்டி, வந்த பைக்கே திருப்பி அனுப்புகிற வழி இது. ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் உருவாக்கியது. சக மருத்துவர்கள் நெடுங்காலம் அவரை நம்பவில்லை. அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1992இல்தான் வெளிவந்தது. அறுவையோ மருந்தோ இல்லாத ஒரு சிகிச்சைக்காக அவர் பட்ட பாட்டைப் படித்தபோது அவர்மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டாயிற்று. மறுபடி சாய்த்துப் பார்த்தார்கள். மிகச் சிறிய சுழல் மட்டும். இன்னொரு முறை செய்தார்கள். அடுத்தமுறை சாய்த்தபோது ஒன்றும் இல்லை.

“இனி உட்கார்ந்தே தூங்க வேண்டுமா?” என்று கேட்டேன். அப்படி ஓர் அறிவுரையை எங்கோ படித்திருந்தேன். தேவையில்லை என்றார் மருத்துவர். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் அமைப்பு 2017இல் புதுப்பித்த வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. இந்த நோய்க்கு ஸ்கேனும் அடக்கும் மாத்திரையும் வழக்கமாகத் தேவையில்லை என்றும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது.

இத்தோடு அன்று என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. எல்லாச் சோதனைகளும் ஒரே தொகுப்பாகப் பதிவாகியிருந்ததால் காதுக்குள் நீர் விடும் சோதனைக்கும் அழைத்துப்போனார்கள். உடல் வெப்பத்தைவிட 7 பாகை கூடுதலாகவும் குறைவாகவும், அதாவது 44 பாகை செல்சியஸிலும் 30 பாகை செல்சியஸிலும், ஒவ்வொரு காதிலும் நீர் விட்டு, கண் அசைவை அளக்கிறார்கள். வெப்ப வேறுபாடு குழலின் நீர்மத்தில் ஓட்டத்தை உண்டாக்கி, தலை அசையாமலே சுழலச் செய்யும். ராபர்ட் பாரனி கண்டறிந்த வழி இது. காதைக் கழுவும்போது நீரின் வெப்பத்தைப் பொறுத்து நோயாளிகளுக்குத் தலைசுற்றுவதைக் கவனித்து ஆராய்ந்தவர். அவருக்கு 1914ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். மதிக்கத்தக்க சோதனைதான். இரண்டு காதுகளின் திறனையும் தனித்தனியே அளக்க நல்ல வழிதான். ஆனால் காரணம் கண்முன் தெரிந்து, சிகிச்சையும் பலித்து, காது நன்றாகக் கேட்கும் ஒருவருக்கு அதே நாளில் அது தேவையா? ஒரு காதுக்கும் அடுத்ததற்கும் இடையில் விட்ட ஓய்வும் போதவில்லை. மனம் சோர்ந்து சோதனையைக் கெடுக்காமல் இருக்க, அகரவரிசையில் பூக்களின் பெயர்களைச் சொல்லச் சொல்வார்கள். ஏன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் வாந்தி எடுத்தபடி பூப்பெயர் தேட எரிச்சல் வந்திருக்காது. முடிவு இரு காதுகளும் சமம் என்று வந்தது. தொகுப்பாக விற்காமல், மருத்துவர் பார்த்து முடிவு செய்தபின் சோதனைகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அறிக்கையும் ஒரு குறை. பக்கம் பக்கமாக வரைபடங்கள், சுருக்கெழுத்துகள். படித்துப் பழகிய எனக்கே ஒன்றும் பிடிபடவில்லை. கேட்டதும் மருத்துவர் பின்பக்கத்தில் கையால் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: “வலது காது, பின்குழல், படிகம் இடம்பெயர்ந்தது.” அந்த வரியைத்தான் இன்றுவரை என் பையில் வைத்திருக்கிறேன். கேட்காதவர்களுக்கும் அதை எழுதிக் கொடுக்க வேண்டும்.

படுக்கையில் சுழல்வது நின்றது. மேல் தட்டும் திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்த “வேறு மாதிரி” நாள்கள் நிற்கவில்லை. இரண்டு அலமாரி வரிசைகளுக்கு நடுவே நடந்தால் படகில் நிற்பதுபோல் ஆடும். சன்னல் வெளிச்சம் குத்தும். பேச்சுக் குரல் தாங்காது. இந்த இடத்தில்தான் மையத்தின் உண்மையான தரம் தெரிந்தது. ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டோம், மிச்சமெல்லாம் உங்கள் பயம் என்று சொல்லி அனுப்புவது எளிது. மருத்துவர் தன் பழைய குறிப்பை எடுத்தார். “மணிக்கணக்கில் நீடிக்கும் சுற்றலைப் படிகங்கள் உண்டாக்க முடியாது. ஆகவே வேறொன்று இருக்கிறது” என்றார். நாள்குறிப்புத் தாள் ஒன்றைக் கொடுத்தார். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், முந்தைய இரவின் தூக்கம், சாப்பாடு தவறியதா, மாதவிடாய், ஒளி ஒலி கூச்சம், தலைவலி எல்லாவற்றுக்கும் கட்டங்கள். அருமையான தாள், எழுத்து மட்டும் மிகப் பொடி.

தாள் நிரம்பியதும் அவர் கேட்டது: “இளம் வயதில் ஒற்றைத் தலைவலி இருந்ததா? உங்கள் அம்மாவுக்கு?” அம்மா மாதத்தில் சில நாள் அறையை இருட்டாக்கிக்கொண்டு படுத்திருப்பார். எனக்கும் கல்லூரிக் காலத்தில் இருந்தது; பிறகு மறைந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அது தலைசுற்றலாக வடிவம் மாறி வந்திருந்தது. இதற்குத் தனி இலக்கணமே 2012இல் வகுக்கப்பட்டிருக்கிறது: 5 நிமிடம் முதல் 72 மணி நேரம்வரை நீடிக்கும் தாக்குதல்கள் குறைந்தது 5 வந்திருக்க வேண்டும், அவற்றில் பாதியிலாவது தலைவலியோ, ஒளி ஒலி கூச்சமோ, கண்முன் ஒளிக்கோலமோ இருக்க வேண்டும், ஒற்றைத் தலைவலி வரலாறும் வேண்டும். ஒவ்வொரு முறையும் தலை வலிக்க வேண்டும் என்பதில்லை. ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ இதைக் காட்டாது. கேட்டுத்தான் அறிய முடியும். நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். தடுப்பு மருந்து, ஒரே நேரத்தில் தூக்கம், தவறாத உணவு என்று இப்போது தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்திருக்கின்றன. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குப் படிகக் கோளாறும் கூடுதலாக வருவதுண்டாம். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது அரிதில்லை.

பயிற்சிப் பிரிவுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். அடக்கும் மாத்திரையை நெடுங்காலம் எடுத்ததால் மூளை புதிய நிலைமைக்குத் தன்னைப் பழக்கிக்கொள்வது தாமதப்பட்டிருந்தது என்று இயன்முறை மருத்துவர் விளக்கினார். சுவரில் ஒட்டிய எழுத்தில் பார்வையை நிறுத்தித் தலையை மட்டும் இடமும் வலமும் அசைப்பது, மெத்தைமேல் நிற்பது, தலையைத் திருப்பியபடி நடப்பது. 1940களில் காதோர்ன், குக்ஸி என்ற இருவர் தலையில் காயம்பட்டவர்களுக்காக வகுத்த பயிற்சிகளிலிருந்து வளர்ந்தது இந்த முறை. “கொஞ்சம் சுற்ற வேண்டும். சுற்றவே இல்லையென்றால் பயிற்சி வேலை செய்யவில்லை. ஆனால் சில நிமிடங்களில் அடங்கிவிட வேண்டும்” என்று எல்லையை வகுத்துக் கொடுத்தார். என் வேலையைக் கேட்டறிந்து, அலமாரி வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்து இருபுறமும் நூல் முதுகுகளைப் படிப்பதையே ஒரு பயிற்சியாக எழுதிக் கொடுத்தார். இப்படி அவரவர் வேலைக்கு ஏற்பப் பயிற்சி வகுப்பவர் எத்தனை பேர் கிடைப்பார்கள்?

படிகக் கோளாறு திரும்ப வரக்கூடியது. எனக்கும் வந்தது. தொலைபேசியில் சொன்னதும் காத்திருக்கவைக்காமல் அழைத்து, எந்தக் காது, எந்தக் குழல் என்று மறுபடி பார்த்துவிட்டே உருட்டினார்கள். வீட்டில் செய்துகொள்ளும் முறையையும் அதன் பிறகே கற்றுக்கொடுத்தார்கள். படிகங்கள் பின்குழலுக்குப் பதிலாகக் கிடையாக அமைந்த குழலுக்குள் போயிருந்தால் வழிமுறையே வேறு. வைட்டமின் டி அளவையும் பார்த்தார்கள், குறைந்திருந்ததைச் சரிசெய்கிறேன். குறைபாடு உள்ளவர்களுக்கு வைட்டமின் டியும் கால்சியமும் கொடுத்தால் இந்நோய் திரும்ப வருவது குறைகிறது என்று 2020இல் கொரியாவில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். கூடத்துக்கும் சோதனைத் தொகுப்புக்குமாகச் சேர்த்து ஒன்றைக் கழித்திருக்கிறேன். அவற்றை மாற்றினால் நானே வந்து திருத்தி எழுதுவேன்.

போகிறவர்கள், எடுக்கும் மருந்துகளின் பட்டியலைக் கொண்டுபோங்கள். உடன் ஒருவர் கட்டாயம் வேண்டும். முடிந்தால், சுற்றல் வரும்போது உங்கள் கண்களை வீட்டில் இருப்பவர் கைப்பேசியில் படம் பிடித்துவைக்கட்டும். வெளிச்சம் நன்றாக இருக்க வேண்டும், இமை திறந்திருக்க வேண்டும். மையத்துக்குப் போகும் நாளில் சுற்றல் வராமலே போகலாம். திரும்ப வந்தபோது தங்கை எடுத்த படத்தை மருத்துவர் பெரிதாக்கி, நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். கட்டிலில் சாய்க்கும் முன்பே எந்தக் காது என்பதை அதிலிருந்து சொல்லிவிட்டார்.